தாளின் தன்மை: சமகாலக் கலையில் காகிதமும் பிள்ளைப்பாக்கம் தொழில்தடமும்

ஆய்வுச்சுருக்கம்

காகிதம் எழுத்தை ஏந்தும் வெற்றுப்பரப்பு என்னும் கருத்தே தமிழ்க் கல்விச்சூழலில் மேலோங்கி நிற்கிறது. ஓவியம், அச்சு, சிற்பம், நூலாக்கம், ஆவணம் எனப் பல துறைகளில் காகிதம் தானே பேசும் பொருளாகிவிட்ட நிலையை இக்கருத்து கணக்கில் கொள்வதில்லை. சோமநாத் ஹோர், சரினா ஹாஷ்மி, கே.எம். ஆதிமூலம், தா. சனாதனன் ஆகியோரின் படைப்புகளையும், காஞ்சிபுரத்தின் காகிதக்கூழ்ப் பொம்மை, தறியட்டை ஆகியவற்றையும் ஒருசேர வைத்து நோக்கும் இக்கட்டுரை, காகிதக்கலைக்கு உரிய களமாகப் பிள்ளைப்பாக்கம் உள்ளிட்ட திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில்தடத்தைக் கருத வேண்டும் என வாதிடுகிறது. கைவினைஞர் பெயரின்றி மறைக்கப்படுவதும், நிலத்தின் வரலாறு ஆவணத்தாளில் சுருங்கிவிடுவதும் இவ்வாதத்தின் மையச் சிக்கல்களாகும்.

திறவுச்சொற்கள்: தாள், காகிதக்கூழ், தறியட்டை, ஆவணம், கைவினை, தொழில்தடம்.

முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டத்துப் பிள்ளைப்பாக்கம் ஏரிப்பாசனத்தை நம்பிய ஊர்களுள் ஒன்று. 1971இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மாநிலத் தொழில் மேம்பாட்டு நிறுவனம், அதாவது சிப்காட், அமைத்த தொழிற்பூங்காக்களுள் ஒன்றன் பெயராகவே இன்று அவ்வூர் அறியப்படுகிறது. இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என நீளும் இத்தடத்தில் மகிழுந்து, கைப்பேசி, கண்ணாடி, மின்னணு உறுப்புகள் ஆகியன உருவாகின்றன. இரும்பும் நெகிழியும் சிலிக்கனும் இத்தடத்தின் பொருள்களாகக் கருதப்படுகின்றன. ஆயினும் இங்கு உருவாகும் எப்பொருளும் ஏதேனும் ஒரு தாளைத் தொடாமல் வாயிலைக் கடப்பதில்லை. உறுப்புகள் அட்டைப்பெட்டிகளில் வந்து சேர்கின்றன. முடிவுற்ற பொருள்கள் அட்டைப்பெட்டிகளிலேயே வெளியேறுகின்றன. அவற்றோடு விலைச்சீட்டும் சோதனைச்சீட்டும் வாயில்சீட்டும் செல்கின்றன. அவற்றுக்கெல்லாம் முன்னதாக, நிலம் கைமாறியதும் தாளின் வழியேதான்.

இத்துணைப் பெருக்கமாகப் புழங்கும் ஒரு பொருள் கலைச்சிந்தனையில் எவ்விடம் பெற்றுள்ளது என்பது வினவத்தக்கது. ‘காகிதம் பல்திறன் வாய்ந்தது, மடிக்கலாம், கிழிக்கலாம், ஒட்டலாம், வார்க்கலாம்’ என்னும் பொதுப்புகழ்ச்சி கலைக்கண்காட்சிக் குறிப்புகளில் அடிக்கடி காணப்படுகிறது. அப்புகழ்ச்சி பிழையன்று, போதாதது. எதற்கும் வளையும் பொருள் என்று மட்டும் கூறுவது, அப்பொருளுக்கெனத் தனித்தன்மை இல்லை என்று கூறுவதற்கு ஒப்பாகும். காகிதத்தின் ஆற்றல் அதன் வளைவில் மட்டும் இல்லை; வளைந்ததை மறவாமையிலும் உள்ளது. ஒருமுறை மடித்த தாளில் மடிப்புக்கோடு என்றும் நீங்குவதில்லை. இவ்வியல்பே சமகாலக் கலைஞரை ஈர்த்தது என்பதும், இவ்வியல்பைக் காணும் கண் தமிழ்ச்சூழலில் வளர்க்கப்பட வேண்டும் என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்துகள்.

சொல்லில் உறைந்த பொருள்

தமிழில் காகிதத்தைக் குறிக்கும் சொற்கள் அதன் வரலாற்றைத் தம்முள் கொண்டுள்ளன. ‘காகிதம்’ பாரசீக, அரபு வழியில் வந்த சொல். ‘கடுதாசி’ போர்த்துக்கீசியத் தொடர்பால் வந்தது எனத் தமிழ்ப் பேரகராதி குறிக்கும்; ஈழவழக்கில் அது ‘கடதாசி’ என நிற்கிறது. ‘தாள்’ ஒன்றே தமிழ்ச்சொல். கால், முயற்சி, பயிரின் தண்டு எனப் பல பொருள் கொண்ட அச்சொல் பின்னரே எழுதுதாளைக் குறிக்கலாயிற்று. அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சும் அடித்தண்டு ‘அரிதாள்’ எனப்படும். தண்டிலிருந்து பிரித்த இழையே காகிதமாதலின், இச்சொல்லும் பொருளும் எதிர்பாராத வகையில் பொருந்தி நிற்கின்றன.

எழுத்துத்தொடர்பான பிற சொற்களும் தாவரத்திலிருந்தே பிறந்தவை. தோடு, மடல், ஓலை, ஏடு, இதழ் என்பவற்றைத் தொல்காப்பிய மரபியல் ‘புல்’ என்னும் வகையின் உறுப்புகளாக எண்ணுகிறது. புறத்தே வயிரம் உடையன புல், அகத்தே வயிரம் உடையன மரம் என்பது அந்நூலின் பகுப்பு. அதன்படி பனையும் தென்னையும் புல்லினம். மடல் கடிதமாகவும், ஏடு நூலின் பக்கமாகவும், இதழ் பருவ வெளியீடாகவும் பொருள் விரிந்த பின்னரும், எழுதுபரப்பின் தாவரப் பிறப்பை மொழி மறக்கவில்லை.

இங்கு ஒரு தொடர்ச்சி நோக்கத்தக்கது. 1979இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் கரும்புச்சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு தாள் உற்பத்தி செய்து வருகிறது. கரும்பு இன்றைய தாவரவியலின்படி புல் குடும்பத்தது. புறவயிரம் என்னும் தொல்காப்பியப் பகுப்புக்கும் பொருந்துவது. பனையோலையிலிருந்து கரும்புத்தாளுக்கு வந்த தமிழ் எழுத்து, மரபியல் கூறும் புல்லினத்தை விட்டு நீங்கவில்லை எனலாம். ஓலைச்சுவடியைப் பொருளாக ஆராயும் தமிழாய்வு, தாளை மட்டும் பொருளற்ற பரப்பாக விட்டுவிட்டமைக்கு இம்மொழிச்சான்றுகள் இடம் தரவில்லை.

அச்சு வரலாறும் இதனையே உணர்த்துகிறது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு குழுவினர் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட காலத்தில் தாள் தட்டுப்பாடு நேர்ந்தது. தமிழ் எழுத்துருக்கள் சிறிதாக வார்க்கப்பட்டமைக்கு அத்தட்டுப்பாடே காரணம். அதனையொட்டியே பொறையாற்றில் தாள் ஆலை ஒன்றும் தோன்றியது. தமிழ் அச்செழுத்தின் அளவையே தாள் முடிவு செய்தது என்னும் இவ்வுண்மை, ஊடகம் உள்ளடக்கத்துக்குப் புறம்பானதன்று என்பதற்குத் தக்க சான்று.

ஏந்தும் பரப்பிலிருந்து பேசும் பொருளுக்கு

மேலைக் கலையில் 1912ஆம் ஆண்டு ஒரு திருப்பம். பிராக்கும் பிக்காசோவும் சுவர்த்தாளையும் செய்தித்தாளையும் வெட்டிப் படத்தில் ஒட்டினர். வரையப்படும் இடமாக இருந்த தாள், அன்று முதல் வரையப்படுவதன் உறுப்பாயிற்று. முதுமையில் நோயுற்ற மத்தீஸ் தூரிகையை விடுத்துக் கத்தரிக்கோலைக் கையிலெடுத்து, வண்ணந்தீட்டிய தாள்களை வெட்டி உருவமைத்தார். இராபர்ட் ரவுசன்பர்க் 1975இல் அகமதாபாத்துக்கு வந்து, காந்தி ஆசிரமத் தாள் ஆலையில் கூழையும் மூங்கிலையும் கந்தலையும் கொண்டு படைப்புகள் செய்தார். சிற்றூர்த் தொழிலாகக் கைத்தாளை மீட்டெடுக்க வேண்டும் என்னும் காந்தியின் நோக்கம் நவீனக் கலையின் பொருள் தேடலைச் சந்தித்த இடம் அது. அந்நோக்கத்துக்கு வடிவம் தர 1934இல் தோன்றிய அகில இந்தியக் கிராமத்தொழிற் சங்கத்தை வழிநடத்திய ஜே.சி. குமரப்பா தஞ்சையில் பிறந்தவர் என்பதும் நினைக்கத்தக்கது.

இந்தியக் கலையில் காகிதம் தானே பொருளாகி நின்றமைக்குச் சோமநாத் ஹோரின் ‘காயங்கள்’ வரிசை முதன்மைச் சான்று. 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தைக் கண்ணுற்று வரைந்தவர் அவர். 1970களின் தொடக்கத்தில் சாந்திநிகேதனில் அவர் இவ்வரிசையைப் படைத்தார். களிமண் பரப்பில் கத்தியாலும் சூடேற்றிய கருவியாலும் கீறல்களை உண்டாக்கி, அதிலிருந்து சிமெண்டு அச்சு எடுத்து, அவ்வச்சில் காகிதக்கூழை அழுத்தி உலர்த்துவது அவர் கண்ட முறை. மையில்லை, வண்ணம் அரிதினும் அரிது. வெண்டாளில் வெண்மையாகவே எழுந்து நிற்கும் வடுக்கள் மட்டுமே உள்ளன. இப்படைப்பில் தாளின் மீது காயம் வரையப்படவில்லை. தாளே காயமுற்றுள்ளது. பார்வையாளர் ஒளியின் சாய்வில் பக்கவாட்டாக நோக்கினாலன்றி வடு புலப்படாது. பிறர் துன்பத்தைக் காண்பதற்கு முயற்சி வேண்டும் என்னும் கருத்து, காகிதத்தின் இயல்பினாலேயே இங்கு நிறைவேறுகிறது. இதே கீறலைக் கித்தானில் வண்ணத்தால் தீட்டியிருந்தால் அது ஒரு செய்தியாகவே நின்றிருக்கும்.

அலிகாரில் 1937இல் பிறந்து, பல நாடுகளில் வாழ்ந்து, 2020இல் மறைந்த சரினா ஹாஷ்மி காகிதத்தைத் தோலுக்கு ஒப்பாகக் கருதினார். அவரது படைப்புகளின் மீள்பார்வைக் கண்காட்சி 2012இல் அப்பொருள் தரும் தலைப்பிலேயே அமைந்தது. தாளில் ஊசியால் துளையிடுதல், நூல் கோத்தல், மடித்தல், கூழை வார்த்தல் எனப் பல வழிகளில் அவர் இயங்கினார். 36 மரச்செதுக்கு அச்சுகள் கொண்ட 1999ஆம் ஆண்டின் வரிசையில், வீடு தொடர்பான சொற்களை உருது எழுத்திலும் எளிய வடிவக்கோடுகளிலும் பதித்தார். நாட்டுப் பிரிவினையால் சிதறிய குடும்பத்தவருக்கு எடுத்துச் செல்லத்தக்க வீடு காகிதமே. சுருட்டலாம், பெட்டியில் வைக்கலாம், எல்லை கடக்கலாம். காகிதத்தின் எடையின்மை இங்கு வாழ்வுத் தேவையாகிறது.

இவ்விரு கலைஞரிடமும் காகிதம் ‘எதற்கும் பயன்படும்’ பொருளாக இல்லை; வேறெதனாலும் சொல்ல இயலாத ஒன்றைச் சொல்லும் பொருளாக உள்ளது. பல்திறன் என்பதன் சரியான பொருள் இதுவே எனக் கொள்ளல் தகும்.

தமிழ்க் கோட்டுமரபும் அச்சுத்தாளும்

சென்னை ஓவிய இயக்கத்தில் கோடு பெற்ற சிறப்பிடம் கலைவரலாற்றாளரால் பெரிதும் பேசப்பட்டுள்ளது. அக்கோடு எதன்மேல் ஓடியது என்பது பேசப்படவில்லை. கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் தோற்றுவித்த சோழமண்டலம் கலைஞர் சிற்றூரில் வாழ்ந்து, 1973இல் மறைந்த கே. இராமானுஜத்தின் மைக்கோட்டு ஓவியங்கள் தாளுக்கே உரியவை. கோட்டின் மேல் கோடாக நெருங்கிப் படரும் அவரது கனவு மாளிகைகள், எழுதுகோலின் நுனியைத் தாங்கும் தாளின் உறுதியாலும், மையைப் பரவவிடாத அதன் மேற்பரப்பாலும் இயன்றவை.

கே.எம். ஆதிமூலம் காந்தி நூற்றாண்டை ஒட்டிய ஆண்டுகளில் வரைந்த கருப்பு வெள்ளைக் கோட்டோவியங்கள் பரவலாக அறியப்பட்டவை. காட்சிக்கூடத்தைக் காணாத தமிழ் வாசகர் பலர் அவரை அறிந்தது சிற்றிதழ்களின் அட்டையிலும் வார இதழ்களின் பக்கங்களிலுமே. கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் தொடராக வந்தபோது அவரது ஓவியங்கள் உடன் வந்தன. தலைப்பிலேயே தாளின் பெயரைக் கொண்ட அத்தொடர், மலிவான இதழ்த்தாளில் நவீன ஓவியத்தைச் சிற்றூர்க்கும் கொண்டு சேர்த்தது. அவ்விதழ்கள் படித்து முடித்தபின் எடைக்குப் போடப்பட்டுப் பொட்டலமாகவும் மடிக்கப்பட்டிருக்கும். ஒரு கலைப்படைப்பு இவ்வாறு கைமாறி அழிவது இழப்பே. ஆயினும் அத்தகைய பரவலைக் கித்தான் என்றும் பெற்றிருக்க இயலாது. அழியும் இயல்பும் பரவும் இயல்பும் தாளில் பிரிக்க இயலாதவாறு இணைந்துள்ளன.

இவ்வழிவிலிருந்து ஒரு பகுதியை மீட்டவர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை ஓவியரான அவர் கோட்டையூரில் நூல்களோடு அழைப்பிதழ், துண்டறிக்கை போன்ற சிறுதாள்களையும் சேர்த்து வைத்தார். அத்தொகுப்பே 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றது. பிறர் குப்பையெனக் கண்டதைப் பொருளெனக் கண்டது ஓர் ஓவியரின் கண் என்பது தற்செயலாகாது.

சென்னையில் 1994இல் தொடங்கப்பட்ட தாரா பதிப்பகம் தாளை வாசிப்பின் உறுப்பாகவே ஆக்கியது. பஜ்ஜு சியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி என்னும் கோண்டு ஓவியர் மூவரின் மரங்களைக் கொண்ட 2006ஆம் ஆண்டு நூல், கருநிறக் கைத்தாளில் பட்டுத்திரை அச்சாகக் கையால் அச்சிடப்பட்டது. பக்கத்தைப் புரட்டும் விரல் வண்ணத்தின் மேட்டையும் தாளின் சொரசொரப்பையும் உணர்கிறது. மையின் மணமும் எழுகிறது. இரவில் மரம் ஒளிர்வதைச் சொல்லும் கதைக்குக் கருந்தாள் இருளாகவே அமைகிறது. 2008இல் போலோக்னா நூற்கண்காட்சியின் விருதை அந்நூல் பெற்றது. சென்னை அச்சுக் கைவினைஞரின் உழைப்பு உலக அரங்கில் கலையென ஏற்கப்பட்டமை இங்குக் குறிக்கத்தக்கது. ஏனெனில் அவ்வேற்பு காஞ்சிபுரத்துக் கைவினைஞருக்கு இன்னும் கிட்டவில்லை.

காஞ்சிபுரத்தின் கூழும் அட்டையும்

பிள்ளைப்பாக்கத்துக்கு அணித்தாக உள்ள காஞ்சிபுரத்தில் காகிதம் இரு தொழில்களின் உயிர்நாடியாக விளங்கி வந்துள்ளது. முதலாவது பொம்மைத்தொழில். அந்நகரின் பொம்மைக்காரத் தெருவில் களிமண்ணாலும் காகிதக்கூழாலும் கொலுப்பொம்மைகள் செய்யப்படுகின்றன. பழந்தாளை ஊறவைத்து அரைத்துக் கூழாக்கிப் பசைமாவு சேர்த்துப் பிசைகின்றனர். அதனை முன்பாதி, பின்பாதி என இரு அச்சுகளில் அழுத்தி, உலர்ந்தபின் இணைக்கின்றனர். வெண்பூச்சு இட்டபின் வண்ணம் தீட்டுகின்றனர். விநாயகர் சதுர்த்தியை ஒட்டித் தமிழகத்தின் பல ஊர்களில் காகிதக்கூழும் மரவள்ளிக்கிழங்கு மாவும் கொண்டு பேருருவச் சிலைகள் செய்யப்படுவதும் இதே தொழில்நுட்பமே. பாரிஸ் சாந்தில் செய்த சிலைகளை நீர்நிலைகளில் கரைக்கத் தடை வந்தபின், கரைந்து போகும் இயல்பே காகிதக்கூழின் மதிப்பாயிற்று.

இம்முறையைச் சோமநாத் ஹோரின் முறையோடு ஒப்பிட்டு நோக்குக. இரண்டிலும் களிமண்ணில் மூலவுரு அமைகிறது. இரண்டிலும் அதிலிருந்து அச்சு எடுக்கப்படுகிறது. இரண்டிலும் கூழ் அழுத்தப்பட்டு உலர்கிறது. ஒன்று அருங்காட்சியகச் சுவரில் கலைஞர் பெயரோடு உள்ளது. மற்றொன்று தெருவோரத்தில் விலைச்சீட்டோடு உள்ளது. ஹோரின் படைப்பு தனித்த பார்வையின் விளைவு, பொம்மை மரபின் மறுபதிப்பு என்பது இதற்குச் சொல்லப்படும் விடை. இவ்விடையில் உண்மை இல்லாமலில்லை. நோக்கத்தால் இரண்டும் வேறுபட்டவையே. ஆயினும் நோக்க வேறுபாடு பெயர் மறைப்புக்குக் காரணமாகாது. கூழின் பதம், உலரும்போது சுருங்கும் அளவு, அச்சிலிருந்து பிரியும் நேரம் ஆகியவை குறித்த அறிவு கைவினைஞரிடம் உள்ளது. அவ்வறிவைத் தமிழில் எழுதிவைத்த நூல்கள் அரியவை. ஒரு தலைமுறை இத்தொழிலை விட்டுத் தொழிற்சாலை வாயிலுக்குச் சென்றுவிடின், அவ்வறிவோடு அதன் சொற்களும் மறையும்.

இரண்டாவது தறித்தொழில். காஞ்சிப் பட்டின் கரையிலும் முந்தானையிலும் எழும் அன்னமும் யாளியும் முதலில் கட்டத்தாளில் வரையப்படுகின்றன. ஒவ்வொரு கட்டமும் ஓர் இழைநிலையைக் குறிக்கும். அவ்வரைவின்படி அட்டைகளில் துளையிட்டு, அவற்றைக் கோத்துத் தறிக்கு மேலுள்ள ஜக்கார்டு பெட்டியில் பொருத்துவர். துளை உள்ள இடத்தில் கொக்கி பாவிழையைத் தூக்கும். துளையற்ற இடத்தில் தூக்காது. 1804ஐ ஒட்டிப் பிரான்சில் ஜக்கார்டு உருவாக்கிய இப்பொறியமைப்பே பின்னாளில் கணிப்பொறிக்குத் துளையட்டை என்னும் கருத்தை வழங்கியது. துளையும் துளையின்மையும் என்னும் இருமையே பிள்ளைப்பாக்கத்தில் உருவாகும் மின்னணு உறுப்புகளின் அடிப்படை மொழியும் ஆகும். காஞ்சித் தறிக்கும் சிப்காட் மின்னணுப் பூங்காவுக்கும் இடையே ஓர் அட்டையின் தொலைவே உள்ளது.

மின்னணு ஜக்கார்டின் வரவால் அட்டைக்கோவைகளின் தேவை குறைந்துவருகிறது. பயன் நீங்கிய கோவைகள் எடைக்குச் செல்கின்றன. ஒரு சேலையின் முழு வடிவமும் துளைகளாக உறைந்துள்ள அக்கோவை, காகிதத்தில் எழுதப்பட்ட ஒரு நூலே. எழுத்துக்கு மாறாகத் துளையால் எழுதப்பட்ட நூல். ஓலைச்சுவடியைத் தேடி ஊரூராக அலைந்த மரபுடைய தமிழியல், தறியட்டைக்கோவையைச் சுவடியாகக் கருதித் தொகுக்க முன்வருவதில் தடையேதும் இருத்தலாகாது.

ஆவணமாகும் தாள்

காகிதம் கலைப்பொருளாவதற்கு முன்னரே அதிகாரத்தின் கருவியாக இருந்து வருகிறது. பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம் ஆகிய தாள்களில்தான் ஊர் நிலமாகிறது, நிலம் மனையெண்ணாகிறது. கைப்பற்றல் அறிவிக்கை, இழப்பீட்டு ஆணை, ஒதுக்கீட்டு ஆணை எனத் தாள்களின் வரிசையே வயலைத் தொழிற்பூங்காவாக மாற்றியது. தொழிற்பூங்கா வரைபடத்தில் சாலைகளும் மனைகளும் நேர்கோடுகளாக உள்ளன. மடையும் வரப்பும் களமும் ஒற்றையடிப்பாதையும் அதில் இடம்பெறா.

இத்தகைய ஆவணத்தாளைக் கலைப்பொருளாக்கிய தமிழ்ப்படைப்பு ஈழத்திலிருந்து கிடைத்துள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஓவியரும் கலைவரலாற்றாளருமான தா. சனாதனன் 2011இல் ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். தோம்பு என்பது போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் ஆட்சிக்கால நிலப்பதிவேடு. போரினால் இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்தனர். அதனைக் கட்டட வரைஞர் முறைப்படியான வரைபடமாக்கினார். அதற்கு எதிர்வினையாகச் சனாதனன் ஓவியம் தீட்டினார். கோப்பின் வடிவில் அமைந்த அந்நூலில் ஒரே வீடு இவ்வாறு மும்முறை தாளில் எழுகிறது. நடுங்கும் கையின் கோட்டுக்கும் அளவுகோலின் கோட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியே அப்படைப்பின் பேச்சு. 1981இல் சுமார் 97,000 நூல்களோடு நூலகம் எரியுண்ட ஒரு நகரத்தில், தாளை மீண்டும் பதிவேடாக்குதல் எத்தகைய செயல் என்பதை விளக்க வேண்டியதில்லை.

போரில் நிலம் இழத்தலும் தொழில்வளர்ச்சிக்கு நிலம் தருதலும் ஒன்றல்ல. பின்னதில் சட்டமும் இழப்பீடும் வேலைவாய்ப்பும் உண்டு. விரும்பித் தந்தோரும் உண்டு. இரண்டையும் சமன்படுத்துவது ஈழத்துயரைச் சிறுமைப்படுத்துவதாகும். ஆயினும் சனாதனனின் முறை வேறு சூழலுக்கும் வழிகாட்ட வல்லது. பிள்ளைப்பாக்கத்திலும் சூழவுள்ள ஊர்களிலும் முதியோர் நினைவில் உள்ள ஏரிமடை, களத்துமேடு, கோயில்வழி ஆகியவற்றைத் தாளில் வரையச் செய்து, புலப்படத்தின் அருகில் வைத்தால், அரசு வரைபடம் பொய்யாகிவிடாது. அது முழுமையற்றது என்பது மட்டும் புலனாகும். முழுமையின்மையைக் காட்டுவது கலையின் தொழில்.

வந்தேறிய தொழிலாளரின் தாள்களும் இத்தகையவே. பல மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கும் இளையோரின் வாழ்வு, வேலை ஒப்பந்தம், ஊதியச்சீட்டு, விடுதிச்சீட்டு, பேருந்துச்சீட்டு ஆகியவற்றில் பதிவாகிறது. வல்லம் வடகாலில் 2024இல் 18,720 பேர் தங்கத்தக்க மகளிர் விடுதி திறக்கப்பட்டது. அத்துணைப் பேரின் வரவும் செலவும் காத்திருப்பும் எத்தனை தாள்களில் உள்ளன என்பது ஓர் ஓவியர் கேட்கத்தக்க வினா.

பல்திறன் என்னும் புகழ்மொழி

காகிதத்தின் பல்திறனைப் போற்றும் சொற்களையும் தொழில்தடத்தில் தொழிலாளரைப் போற்றும் சொற்களையும் அருகருகே வைத்து நோக்கின் ஒற்றுமை புலப்படும். எப்பணிக்கும் வளைபவர், எம்முறைமாற்றத்துக்கும் இசைபவர், எளிதில் பதிலி காணத்தக்கவர் என்பன ஒப்பந்தத் தொழிலாளருக்கு எதிர்பார்க்கப்படும் இயல்புகள். மலிவு, நெகிழ்வு, பதிலியுடைமை என்பனவே காகிதத்துக்கும் சொல்லப்படும் சிறப்புகள். அட்டைப்பெட்டி இதற்குச் சரியான உருவகம். இரு தட்டைத்தாள்களுக்கு நடுவே அலையாக மடிந்த தாள் ஒன்று வளைவுகளின் வலிமையால் சுமையைத் தாங்குகிறது. அப்பெட்டி பொருளைக் காத்துச் சேர்த்தபின் முதலில் எறியப்படுவதும் அதுவே. மறுசுழற்சியில் மீண்டும் தாளாகிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் அதன் இழை குறுகுகிறது. வெளிப்பார்வைக்குப் பெட்டி அதே பெட்டிதான்; உள்ளிழை அதே இழையன்று.

செருமானியக் கலைஞர் தாமசு திமாண்ட் அறைகளையும் அலுவலகங்களையும் தாளாலும் அட்டையாலும் உள்ளவாறே பேரளவில் அமைத்து, ஒளிப்படம் எடுத்தபின் அவ்வமைப்பை அழித்துவிடுகிறார். மனிதர் எவருமில்லாத அப்படங்களில் உழைப்பின் தடயம் ஒட்டுத்தாளின் சிறு விளிம்பில் மட்டுமே காணப்படும். கொரிய நாட்டுச் சுன் குவாங் யங் பழநூல்களின் தாளில் பொதிந்த சிறு பொட்டலங்களை ஆயிரக்கணக்கில் இணைத்துப் பெரும்பரப்புகளை உருவாக்குகிறார். மூலிகைக்கடையில் தொங்கிய மருந்துப் பொட்டலங்களின் நினைவு அவற்றின் மூலம். நாட்டுமருந்துக் கடையின் பொட்டலமும் சரமும் தமிழருக்கு அயலானவை அல்ல. தொழில்தடத்தின் அட்டைப்பெட்டிகளில் அச்சாகியுள்ள குடை, கண்ணாடிக்கிண்ணம், மேல்நோக்கிய அம்பு ஆகிய குறிகள் எம்மொழிக்கும் உரியன அல்ல. எல்லா மொழித் தொழிலாளரும் படிக்கத்தக்கவை. அங்கே ஒரு காட்சிமொழி கலைஞருக்காகக் காத்துள்ளது.

இக்கருத்துக்கு இரு மறுப்புகள் எழலாம். தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் தாளை விட்டுத் திரைக்கு மாறிவரும் காலத்தில் தாளைப் பற்றிப் பேசுவது காலங்கடந்தது என்பது முதலாவது. உண்மையில் அன்றாடப் பணி நீங்கும்போதுதான் ஒரு பொருள் கலைக்கு முழுதும் உரியதாகிறது. ஒளிப்படம் உருவப்பதிவை ஏற்றபின் ஓவியம் விடுதலை பெற்றமை அறிந்ததே. மேலும் எழுதுதாள் குறைந்தாலும் பொதிதாள் குறையவில்லை. 2019 சனவரி 1 முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படும் நெகிழிப்பொருள்களுக்குத் தடை வந்தபின் தாளுறை மீண்டும் கடைவீதிக்கு வந்துள்ளது.

காகிதம் வெப்பமும் ஈரமும் மிக்க தமிழ்நாட்டில் நிலைக்காது என்பது இரண்டாவது. ஓலைக்கும் இதே குறை உண்டு. நிலையாமையை மீண்டும் படியெடுக்கும் வழக்கத்தால் எதிர்கொண்டது தமிழ்மரபு. அவ்வழக்கமே பாடவேறுபாட்டையும் உரைமரபையும் பதிப்பியலையும் வளர்த்தது. அழிவது மதிப்பற்றது என்னும் அளவுகோலைக் கொண்டால் கோலமும் கலையாகாது.

செய்யத்தக்கன

மேற்கண்டவற்றின் அடிப்படையில் நான்கு செயல்கள் முன்மொழியத்தக்கன. முதலாவது, காகிதத்தொழில் சார்ந்த தமிழ்ச்சொற்களைப் பொம்மைக் கலைஞர், நூற்கட்டுநர், தறியட்டை அடிப்போர், பட்டுத்திரை அச்சாளர் ஆகியோரிடமிருந்து தொகுத்தல். மொழிபெயர்த்த கலைச்சொற்களைவிட அவர்தம் வழக்குச்சொற்கள் துல்லியமானவை. இரண்டாவது, பதிப்பாய்வில் மூலப்படியின் தாளை விவரித்தல். அதன் நிறம், இழை, நீர்க்குறி, மடிப்பு ஆகியனவும் பாடத்தின் சான்றுகளே. மூன்றாவது, பயன் நீங்கிய தறியட்டைக்கோவைகளையும் பொம்மை அச்சுகளையும் அவற்றைச் செய்தோர் பெயருடன் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே பேணுதல். நான்காவது, தொழில்தடத்தின் அரசுப்பள்ளிகளில் ‘கைவேலை’ வகுப்பைக் காகிதக்கலை வகுப்பாக மாற்றி, அப்பகுதியின் அட்டையையும் கூழையும் கொண்டே மாணவர் தம் ஊரை உருவாக்கச் செய்தல். சென்னை, மாமல்லபுரம் அரசுக் கலைக்கல்லூரிகளின் மாணவர் இதற்குத் துணைநிற்க இயலும். தொழில்நிறுவனங்கள் சமூகப் பொறுப்பு நிதியில் சுவர்களுக்கு வண்ணம் தீட்டுவதைவிட இது பெருஞ்செலவினது அன்று.

இவற்றுள் மூன்றாவதே விரைந்து செய்ய வேண்டியது. சொற்களைப் பின்னரும் தொகுக்க இயலும்; எடைக்குப் போன அட்டைக்கோவையைத் திரும்பப் பெற இயலாது.

நிறைவுரை

காகிதம் பல்திறன் வாய்ந்த ஊடகம் என்னும் கூற்று, அதன் திறன்களைப் பட்டியலிடுவதால் மெய்ப்படுவதில்லை. ஒவ்வொரு திறனும் எவ்வாழ்விலிருந்து எழுந்தது என்று வினவும்போதே அது பொருள் பெறுகிறது. ஹோரிடம் வடுவாகவும், சரினாவிடம் எடுத்துச்செல்லும் வீடாகவும், ஆதிமூலத்திடம் ஊர்தோறும் செல்லும் கோடாகவும், சனாதனனிடம் இழந்த மனையின் சான்றாகவும் நின்ற தாள், காஞ்சிபுரத்தில் கூழாகவும் துளையாகவும் இருந்து வருகிறது. பிள்ளைப்பாக்கத்தில் அது பெட்டியாகவும் சீட்டாகவும் பட்டாவாகவும் உள்ளது. இப்பொருளைக் காணும் பயிற்சியைத் தமிழ்த்துறைகளே தொடங்கலாம். ஏடு, மடல், இதழ், தாள் என்னும் சொற்களை நாள்தோறும் ஆளும் துறைக்கு, அச்சொற்கள் சுட்டும் பொருளைத் தொட்டுப் பார்க்கும் கடமையும் உண்டு.